சமையல் மேடைக் கல்லை ஆஸ்திரேலியா ஏன் தடை செய்தது?

மாணவர்களே, உங்கள் வீட்டுச் சமையலறை மேடை எதனால் ஆனது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியுமா? பழைய வீடாக இருந்தால் சிமெண்டின்மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். சில வீடுகளில் கிரானைட் கல் இருக்கும். அண்மையில் புதுப்பித்த வீடு என்றால், கடைக்காரர்கள் 'குவார்ட்ஸ் டாப்' என்று சொல்லி விற்கும் பளபளப்பான கல்லாக இருக்க வாய்ப்புண்டு. தூய வெள்ளை, சாம்பல், பளிங்குபோல் கோடு ஓடியது என்று கேட்ட நிறத்தில் கிடைக்கும். எளிதில் கீறல் விழாது. துடைத்தால் புதிதுபோல் இருக்கும்.

அந்தக் கல்லை 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில் யாரும் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, புதிதாக வெட்டிப் பொருத்தவும் கூடாது. 2025 ஜனவரி 1 முதல் அதை நாட்டுக்குள் இறக்குமதி செய்யவும் தடை. உலகிலேயே இப்படி ஒரு முழுத் தடையைக் கொண்டுவந்த முதல் நாடு ஆஸ்திரேலியாதான்.

அப்படியென்றால் அந்தக் கல்லிலிருந்து ஏதாவது நஞ்சு கசிகிறதா? அதன்மேல் காய்கறி நறுக்கினால் நோய் வருமா? வராது. மேடையாகப் பொருத்திய பிறகு அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. நோய் வந்தது வேறு ஆட்களுக்கு. பட்டறையில் அந்தக் கல்லை அறுத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குத் துளை போட்டு, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் தொழிலாளர்களுக்கு. அதுவும் முப்பது, நாற்பது வயதிலேயே.

கல்லுக்குள் என்ன இருக்கிறது?

'குவார்ட்ஸ் டாப்' மலையிலிருந்து வெட்டி எடுத்த கல் அல்ல. குவார்ட்ஸ் என்னும் கனிமத்தை நொறுக்கித் தூளாக்கி, அதோடு பிசினும் நிறமியும் கலந்து, அழுத்தி, சூடாக்கிப் பலகையாக வார்க்கிறார்கள். ஆகவே அதைச் செயற்கைக் கல் என்று சொல்லலாம்.

குவார்ட்ஸ் என்றால் சிலிக்கன் டைஆக்சைடு. வேதியியல் பாடத்தில் SiO₂ என்று எழுதுகிறோமே, அதுதான். கடற்கரை மணலிலும் அதுதான் பெரும்பகுதி. இதைச் சொன்னவுடன் வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அப்படியானால் கடற்கரையில் விளையாடினால் நோய் வருமா, டீச்சர்?" நல்ல கேள்வி. விடை, துகளின் அளவில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கல்லில் சிலிக்கா எவ்வளவு என்று பாருங்கள். பளிங்கில் அது மிகக் குறைவு, பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கும் கீழ். கிரானைட்டில் வகையைப் பொறுத்து 20 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். செயற்கைக் கல்லிலோ 90 விழுக்காட்டுக்கும் மேல் போகும். அதாவது பிசினையும் நிறத்தையும் நீக்கிவிட்டால் மீதி எல்லாம் சிலிக்காதான். கிரானைட்டை அறுத்துப் பழகிய தொழிலாளி அதே கருவியால், அதே முறையில் செயற்கைக் கல்லை அறுத்தபோது, தனக்குத் தெரியாமலேயே இரண்டு மூன்று மடங்கு சிலிக்காத் தூசிக்குள் நின்றுகொண்டிருந்தார்.

இன்னொரு குறிப்பு. கண்ணாடியும் சிலிக்காதான். ஆனால் அதில் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமைவதில்லை. குவார்ட்ஸில் அவை ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன, அதனால்தான் அதைப் படிகம் என்கிறோம். நுரையீரலைக் கெடுப்பதில் படிக வடிவ சிலிக்காவுக்குத்தான் முதலிடம். ஒரே வேதிப்பொருள், அமைப்பு வேறு, விளைவும் வேறு.

ஒரு துளையிலிருந்து எவ்வளவு தூசு?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்காக மேடையில் ஒரு செவ்வகத் துளை வெட்ட வேண்டும். நீளம் 80 செ.மீ., அகலம் 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 250 செ.மீ. கல்லின் தடிமன் 2 செ.மீ. அறுக்கும் வட்டின் தடிமன் 3 மில்லிமீட்டர், அதாவது 0.3 செ.மீ. இந்த மூன்றையும் பெருக்கினால் 150 கன செ.மீ. கல் தூளாகியிருக்கும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.4 கிராம் என்று எடுத்தால் 360 கிராம். ஒரே ஒரு துளைக்கு அவ்வளவு தூள்!

அதில் பெரும்பகுதி கனமான துகள்கள். உடனே தரையில் விழுந்துவிடும். ஒரு சிறு பகுதி மட்டுமே காற்றில் தங்கும். ஆனால் எவ்வளவு சிறு பகுதி போதும் என்பதைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு தொழிலாளி எட்டு மணி நேர வேலையில் சுவாசிக்கும் காற்றில் சராசரியாக இருக்கக்கூடிய படிகச் சிலிக்காவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. முன்பு அது ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.1 மில்லிகிராம். 2020இல் அதைப் பாதியாக்கி 0.05 மில்லிகிராம் என்று வைத்தார்கள். உடலுழைப்பு செய்பவர் ஒரு வேலை நாளில் சுமார் 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிப்பார். ஆக, வரம்புக்குள் இருந்தாலே நாளொன்றுக்கு அரை மில்லிகிராம். ஒரு சீனிப் பருக்கையின் எடைதான்.

அரை மில்லிகிராம் என்பது ஒன்றுமில்லை என்று தோன்றுகிறதா? துகள் ஒவ்வொன்றும் 2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த ஒரு சீனிப் பருக்கை எடைக்குள் சுமார் 45 மில்லியன் துகள்கள் அடங்கும். உங்கள் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர். அதன் குறுக்கே இந்தத் துகள்களை 35 வரை வரிசையாக நிறுத்தலாம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது கடற்கரைக் கேள்விக்கு வருவோம். மணல் பருக்கை சில நூறு மைக்ரோமீட்டர் அளவுடையது. காற்றில் நிற்காது, நின்று மூக்கில் நுழைந்தாலும் அங்கேயே தடுக்கப்பட்டுவிடும். 2 மைக்ரோமீட்டர் துகள் அப்படியல்ல. அசைவற்ற காற்றில் அது நொடிக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பட்டறையில் காற்று அசைந்துகொண்டே இருக்கும், அதனால் இன்னும் கூடுதல் நேரம்.

இங்கேதான் ஆபத்து. கல்லை அறுத்து முடித்ததும் வெள்ளைப் புகைபோல் எழும் தூசு சில நிமிடங்களில் அடங்கிவிடும். தொழிலாளி முகக்கவசத்தைக் கழற்றுவார். சாப்பிட உட்காருவார். கண்ணுக்குத் தெரிந்த தூசு போய்விட்டது, கண்ணுக்குத் தெரியாத தூசு அவரைச் சுற்றியேதான் இருக்கிறது.

நுரையீரலுக்குள் நடப்பது

படிவம் 3 அறிவியலில் சுவாச மண்டலம் படித்திருப்பீர்கள். பெரிய துகள்களை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும். அதைத் தாண்டிய துகள்களை மூச்சுக் குழாய்களில் இருக்கும் நுண்மயிர்கள் மேல்நோக்கித் தள்ளிவிடும். நாம் அதை இருமித் துப்புகிறோம், அல்லது விழுங்கிவிடுகிறோம். ஆனால் சுமார் 4 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள்கள் இந்தக் காவல்களைத் தாண்டி, காற்று நுண்ணறைகள் வரை போய்விடும். ஒரு மனிதருக்கு 300 மில்லியனுக்கும் மேற்பட்ட நுண்ணறைகள் உண்டு. அவற்றை விரித்துப் பரப்பினால் ஒரு பூப்பந்துக் களம் அளவுக்கு வரும். அந்தப் பரப்பில் நுண்மயிர்கள் கிடையாது.

அங்கே காவலுக்கு இருப்பவை விழுங்கணுக்கள். கிருமி வந்தாலும் தூசு வந்தாலும் அதை வளைத்து விழுங்கி, தம்முள் இருக்கும் நொதிகளால் செரித்துவிடும். சிலிக்காத் துகளையும் அப்படியே விழுங்குகின்றன. ஆனால் குவார்ட்ஸைச் செரிக்க எந்த நொதியாலும் முடியாது. மாறாக, துகளின் பரப்பு அந்த நொதிகளை அடைத்து வைத்திருக்கும் லைசோசோம் பையைக் கிழித்துவிடுகிறது. உயிரணு அபாய அறிவிப்பாக வேதிப்பொருள்களைச் சுரந்துவிட்டுச் சாகிறது. துகள் வெளியே வருகிறது. அதே துகளை அடுத்த விழுங்கணு வந்து விழுங்குகிறது. அதுவும் சாகிறது.

இந்தச் சுற்று முடிவதில்லை. அபாய அறிவிப்பைக் கேட்டு வேறு உயிரணுக்கள் வந்து, காயத்தை மூடுவதற்காகக் கொலாஜன் இழைகளைப் பின்னுகின்றன. முழங்காலில் அடிபட்டால் தழும்பு உண்டாகிறதே, அதுபோல நுரையீரலுக்குள் சிறுசிறு தழும்பு முடிச்சுகள் தோன்றுகின்றன. முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் விறைத்துப்போகிறது. இதுதான் சிலிகோசிஸ்.

புதிதாக உடைந்த துகளின் பரப்பு, பழைய துகளின் பரப்பைவிட அதிகமாக வினைபுரியும். வேகமாகச் சுழலும் வட்டு ஒவ்வொரு நொடியும் புதிய பரப்புகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆய்வாளர்கள் இன்னொன்றையும் சுட்டிக்காட்டுகிறார்கள்: கல்லில் கலந்துள்ள பிசினும் உலோக நிறமிகளும்கூட நோயின் வேகத்தைக் கூட்டக்கூடும்.

ஏனென்றால் இந்த நோய் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் வந்தது. சுரங்கத் தொழிலாளர்களிடம் காணப்பட்ட பழைய சிலிகோசிஸ் தோன்றப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகும், பெரும்பாலும் ஓய்வுபெறும் வயதில் தெரியவரும். செயற்கைக் கல் தொழிலாளர்களிடம் பத்து ஆண்டுகளுக்குள், சிலரிடம் ஒரு சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. தழும்பை நீக்க மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம். முற்றிய நிலையில் நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி, அதற்கும் எல்லாரும் தகுதி பெறுவதில்லை. பிரிஸ்பனில் நுரையீரலுக்குள் உப்புநீரைச் செலுத்திக் கழுவி, தூசியை வெளியேற்றும் முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே உண்டான தழும்பை அதனால் அழிக்க முடியாது.

சிலிகோசிஸோடு கதை முடிவதில்லை. சிலிக்காத் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. விழுங்கணுக்கள் செத்துக்கொண்டிருந்தால் காசநோய்க் கிருமியை யார் பிடிப்பது?

தெரிந்தே வந்த நோய்

ஆஸ்திரேலியாவுக்கு இந்தத் தூசு புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெண்டிகோ தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் இதனால் மாண்டார்கள். புரோக்கன் ஹில் நகரில் 1919 முதல் 1920 வரை ஏறக்குறைய 18 மாதம் நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தூசு நோய் முக்கியக் காரணங்களுள் ஒன்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் தூசு நோய்களுக்கு இழப்பீடு தரவே 1942இல் தனிச் சட்டம் இயற்றியது. மருத்துவ நூல்களில் இந்த நோய் பழைய பாடம். பல இளம் மருத்துவர்கள் அதை நேரில் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் செயற்கைக் கல் அங்கே பரவியது. வீடு புதுப்பிக்கும் ஆர்வம் அப்போது உச்சத்தில் இருந்தது. இயற்கைக் கல்லைவிட விலை குறைவு, தோற்றமும் நேர்த்தி. பெரிய தொழிற்சாலைகள் பலகைகளை வார்த்து அனுப்பின. அவற்றை வீட்டுக்கு வீடு அளவெடுத்து வெட்டியவை சில பேர் மட்டும் வேலை செய்யும் சிறு பட்டறைகள்.

எச்சரிக்கை வந்தது. இஸ்ரேலில் 1997க்கும் 2010க்கும் இடையே நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்காக அனுப்பப்பட்ட 25 செயற்கைக் கல் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளியானது. அடுத்து ஸ்பெயினிலிருந்தும் இதே செய்தி வந்தது. ஆனால் குயின்ஸ்லாந்து மாநில அரசு அவசர எச்சரிக்கை விடுத்தது 2018 செப்டம்பரில்தான். தண்ணீர் ஊற்றாமல் உலர்வாகக் கல்லை வெட்டுவதை அது தடை செய்தது, தொழிலாளர்களைப் பரிசோதனைக்கு அழைத்தது. 2012க்கும் 2018க்கும் இடையே ஆறு ஆண்டுகள். அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்துவிட்டால் போதும், உலகம் விழித்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். அந்தக் கட்டுரையைப் படித்து, 'நம் ஊரிலும் இந்தக் கல் விற்கிறதே' என்று தேடிப்போகும் ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆறு ஆண்டுகளில் அப்படிப்பட்டவர்கள் போதவில்லை என்பதே என் கருத்து.

பரிசோதனை முடிவுகள் அதிர்ச்சி தந்தன. 2019 மார்ச்சில் குயின்ஸ்லாந்தில் கல் தொழிலாளி ஒருவர் 36 வயதில் சிலிகோசிஸால் இறந்த செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. அதே ஆண்டு கூட்டரசு, தேசியத் தூசு நோய்ப் பணிக்குழுவை அமைத்தது. அதன் 2021 அறிக்கை சொன்னது இது: 2018க்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிலிகோசிஸ் அல்லது சிலிக்காத் தூசு தொடர்பான வேறு நோய் இருக்கிறது.

நான்கில் ஒருவர்! உங்கள் வகுப்பில் 32 பேர் என்றால் எட்டுப் பேர். சாதாரண எக்ஸ்ரே படத்தில் தொடக்க நிலை நோய் பல நேரங்களில் தெரிவதில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகே பலருக்கு நோய் இருப்பது தெரிந்தது.

வேலையா, மூச்சா?

இந்த எட்டுப் பேரில் ஒருவராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 38. மூச்சுத் திணறல் இல்லை, கொஞ்சம் இருமல் மட்டும். அரசு அழைத்ததால் பரிசோதனைக்குப் போனீர்கள். மருத்துவர் படத்தைக் காட்டி, "நாளையிலிருந்து அந்தப் பட்டறைக்குப் போகக் கூடாது" என்கிறார். பதினெட்டு வயதில் கற்றுக்கொண்ட தொழில் அது ஒன்றுதான். வீட்டுக் கடன் இருக்கிறது. பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் படிக்கிறார்கள். வெளிப்பார்வைக்கு நீங்கள் நோயாளியாகவும் தெரியவில்லை.

இத்தொழிலில் இருந்தவர்களில் வேறு நாடுகளில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் கணிசமானோர். ஆங்கிலத்தில் எழுதிய பாதுகாப்புக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்வது எல்லாருக்கும் எளிதல்ல. தற்காலிக விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் நாட்டில் தங்கும் உரிமையே கேள்விக்குறியாகலாம். அப்படிப்பட்டவர் முதலாளியிடம் போய், "தூசு உறிஞ்சும் இயந்திரம் வாங்குங்கள்" என்று கேட்பாரா? பரிசோதனைக்குத்தான் துணிந்து போவாரா? போனால் நோய் தெரியும், நோய் தெரிந்தால் வேலை போகும். தெரிந்துகொள்ளாமலே இருப்பது நல்லது என்று சிலர் எண்ணியதில் வியப்பில்லை.

இழப்பீடு உண்டு. ஆனால் மருத்துவச் செலவையும் இழந்த சம்பளத்தின் ஒரு பகுதியையும்தான் பணம் ஈடுசெய்யும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியாத தகப்பனின் மனநிலை எந்தப் படிவத்திலும் பதிவாவதில்லை. மனைவி கூடுதல் வேலைக்குப் போகிறார், மூத்த பிள்ளை படிப்பைத் தள்ளிப்போடுகிறது. ஒருவரின் நுரையீரல் நோய் ஒரு குடும்பத்தின் வரவுசெலவாக மாறுவது இப்படித்தான். பொதுச் சுகாதாரம் என்ற சொல்லில் 'பொது' எதற்காக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த நோயைத்தான் காட்டுவேன். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனாலும் ஒருவர் தனியாக நின்று தடுக்கக்கூடிய நோயும் அல்ல.

முகக்கவசம் போதாதா?

தடை என்றதும் எழுந்த முதல் கேள்வி இதுதான். தண்ணீர் ஊற்றி வெட்டினால், நல்ல முகக்கவசம் அணிந்தால் போதாதா? ஏன் கல்லையே தடை செய்ய வேண்டும்?

தொழில் பாதுகாப்புத் துறையில் ஓர் ஏணி உண்டு. மேல் படியில், ஆபத்தான பொருளை அடியோடு நீக்குவது. அடுத்த படியில், ஆபத்துக் குறைந்த வேறொன்றைப் பயன்படுத்துவது. அதற்குக் கீழே தண்ணீர், காற்றை உறிஞ்சும் குழாய் போன்ற பொறியியல் ஏற்பாடுகள். அதற்கும் கீழே வேலை நேரம், பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. கடைசிப் படியில்தான் முகக்கவசம். மேலே இருப்பது மனிதர்களின் கவனத்தை நம்பி இருப்பதில்லை. கீழே போகப்போக எல்லாமே, ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் தவறாமல் சரியாகச் செய்வார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

முகக்கவசம் முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு நாள் தாடி இருந்தாலே இடைவெளி விழும். தண்ணீர் ஊற்றி வெட்டினால் தூசு வெகுவாகக் குறையும், முழுவதும் மறையாது. தெறித்த சேறு தரையிலும் உடையிலும் காய்ந்து மீண்டும் தூசாகும். வீட்டில் மேடையைப் பொருத்தும்போது அளவு சரியாக இல்லையென்றால், வீட்டுக்காரரின் சமையலறையிலேயே ஓர் ஓரத்தைச் சட்டென்று தேய்த்துச் சரிசெய்யத் தோன்றும். அங்கே தண்ணீர் ஊற்ற முடியுமா?

கல் நிறுவனங்கள் ஒரு சமரசத்தை முன்வைத்தன. சிலிக்கா 40 விழுக்காட்டுக்கு மேல் இல்லாத கல்லையாவது விற்க விடுங்கள், விதிகளை ஒழுங்காக அமல்படுத்துங்கள், கிரானைட்டிலும் சிலிக்கா இருக்கிறதே என்றன. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சேஃப் வொர்க் ஆஸ்திரேலியா என்னும் தேசியப் பாதுகாப்பு அமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை அதை ஏற்கவில்லை. செயற்கைக் கல்லில் எந்த அளவு சிலிக்கா இருந்தால் பாதுகாப்பு என்று காட்டும் சான்று எதுவும் இல்லை என்றது. 'குறைந்த சிலிக்கா' என்று பெயர் வைத்துவிட்டால், பாதுகாப்பானது என்று எண்ணிப் பட்டறைகள் இன்னும் அலட்சியமாகும் என்றும் அஞ்சியது. பல ஆண்டுகளாக விதிகள் இருந்தும் மீறல்கள் தொடர்ந்ததையும் சுட்டிக்காட்டியது. இந்தக் கல் இல்லாவிட்டால் சமையலறை நின்றுவிடாது, மாற்றுப் பொருள்கள் கடையில் இருக்கின்றன என்பதும் கணக்கில் வந்தது.

தொழிற்சங்கங்கள் அதற்கு முன்பே களத்தில் இறங்கியிருந்தன. அரசு தடை செய்யாவிட்டால் தங்கள் உறுப்பினர்கள் அந்தக் கல்லைத் தொடமாட்டார்கள் என்று கட்டுமானத் தொழிற்சங்கம் அறிவித்திருந்தது. 2023 நவம்பரில் பன்னிங்ஸ், ஐக்கியா ஆகிய பெரிய கடைகள் விற்பனையை நிறுத்தப்போவதாகச் சொல்லின. டிசம்பர் 13ஆம் தேதி கூட்டரசு, மாநில அமைச்சர்கள் கூடித் தடையை முடிவு செய்தார்கள். சில மாநிலங்களில் ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்தவர்களுக்கு 2024 இறுதி வரை அவகாசம் தரப்பட்டது.

எண்ணத் தொடங்கிய நாடு

2024 மே மாதத்திலிருந்து ஆஸ்திரேலியாவில் தொழில்சார் நுரையீரல் நோய்களுக்குத் தேசியப் பதிவேடு இயங்குகிறது. வேலையால் சிலிகோசிஸ் வந்தவர் யாரையாவது சிறப்பு மருத்துவர் கண்டறிந்தால் அதில் பதிவு செய்தே ஆகவேண்டும். இது வெறும் எழுத்து வேலையாகத் தெரியலாம். டெங்கி நோயாளிகளை எண்ணாமல் எந்தத் தாமானில் புகை அடிப்பது என்று எப்படி முடிவு செய்வது? எண்ணாத நோய், இல்லாத நோயாகிவிடும்.

தடை ஒரு பொருளுக்கு மட்டும்தான். தூசு இன்னும் பல இடங்களில் இருக்கிறது. சுரங்கப் பாதை தோண்டுபவர்கள், கல்லுடைப்பவர்கள், கான்கிரீட் அறுப்பவர்கள் எல்லாரும் சிலிக்காவைச் சுவாசிக்கிறார்கள். எல்லாத் தொழில்களையும் சேர்த்துக் கர்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். தடுப்பு நடவடிக்கைகள் கூடாவிட்டால், இப்போதைய தொழிலாளர்களிடையே வருங்காலத்தில் 80,000க்கும் மேற்பட்ட சிலிகோசிஸ் நோயாளிகளும் 10,000க்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளும் உருவாகலாம் என்றது அது. 2024 செப்டம்பர் முதல், சிலிக்கா கலந்த எந்தப் பொருளை அறுப்பதற்கும் துளையிடுவதற்கும் கடுமையான விதிகள் நடப்புக்கு வந்தன.

ஏற்கெனவே பொருத்தப்பட்ட மேடைகள் என்னவாகும்? அவற்றைப் பெயர்த்து எடுக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தவில்லை. கல் சும்மா இருக்கும்வரை தூசு இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவின் பல்லாயிரம் வீடுகளில் அது இருக்கிறது. இருபது முப்பது ஆண்டுகளில் அந்தச் சமையலறைகள் பழையதாகும், யாராவது அவற்றை உடைப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கதை அங்கே இப்படித்தான் ஆனது. 2003 இறுதியில் அதை முழுமையாகத் தடை செய்த பிறகும், பழைய வீடுகளின் சுவரிலும் கூரையிலும் அது இன்றும் கிடைக்கிறது, அதை அகற்றத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டியிருக்கிறது. பழைய செயற்கைக் கல்லைக் கழற்றவோ திருத்தவோ வேண்டுமானால் தண்ணீரும் முகக்கவசமும் உறிஞ்சு கருவியும் கட்டாயம் என்று இப்போதே விதி எழுதியிருக்கிறார்கள், அந்த வேலையைப் பற்றி அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்து அந்த மேடையை உடைக்க வரும் தொழிலாளி இன்று உங்கள் வயதில் எங்கோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். மேடையில் இருப்பது கிரானைட்டா, பழைய குவார்ட்ஸா என்று அவருக்கு யார் சொல்வார்கள் என்பதுதான் இனி அங்கே உள்ள கேள்வி.